‘ஸ்லக்கிஷ்’ என்று எழுதிய கைக்கு

ஓடுகிறீர்கள். மணி மூன்று ஐம்பது. ஒரு கையில் டார்ச். மறு கை ஏழாம் படுக்கைக்காரரின் இமையைப் பிரிக்கிறது. தாராவியில் தோல்பை தைப்பவர், பெயர் தாஹிர், ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக் காலையில் சேர்ந்தவர். “தூங்குறாகன்னுல்ல நெனச்சேன் சிஸ்டர்!” என்று அலறுகிறார் அவர் மனைவி சைனப். வெளிச்சம் பட்டதும் சட்டென்று சுருங்க வேண்டிய வலது கண்மணி, சோம்பிச் சோம்பிச் சுருங்குகிறது.

மாண்பமை நாகலக்ஷ்மி சிஸ்டர் அவர்களே! அளந்து பேசும் அன்பே! எட்டாம் வார்டின் இருபத்தொன்பது ஆண்டு இமையா விழியே! பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்த நாங்கள் பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிற்பகலில் தொடங்குவதைப் பொறுத்தருளுங்கள். உங்கள் பெருமையைச் சொல்ல எங்களுக்கு வேறு நல்ல வாசல் தெரியவில்லை.

தலையில் அடிபட்டவரின் கண்மணியை மணிக்கொரு முறை பார்த்து, ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கட்டத்தில் எழுதுவது நம் வேலை. சட்டென்று சுருங்கினால் ‘பிரிஸ்க்’. தாமதித்தால் என்ன எழுதுவது? பணிக்குப் புதிதாய் வந்தோர் எல்லோரும் ‘ஸ்லோ’ என்றுதான் எழுதினோம். அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சிரித்தீர்கள். “மாட்டுங்கால ஸ்லோ லோக்கல் ரயில் நிக்கறதே, அதுக்கு என்ன வியாதி? அதோட வேகமே அதான், டயத்துக்கு வந்துடும். ஸ்லக்கிஷ்னா வேற. சிங்க்ல தண்ணி எறங்காம நிக்கும் பாரு, அது. வேகமா நடக்க வேண்டியது நடக்கலைன்னா உள்ள எங்கேயோ அடைச்சிண்டிருக்குன்னு அர்த்தம். அந்த வார்த்தைய எழுதிட்டு நாற்காலில உக்காரப்படாது.”

அன்றும் நீங்கள் உட்காரவில்லை. போனில் இளம் டாக்டர், மூன்று மணிக் கட்டத்தில் ‘பிரிஸ்க்’ என்றுதானே இருக்கிறது, கொஞ்சம் பார்க்கலாம் என்றார். “டாக்டர் சாப், காகஜ் சோடியே, ஆங்க் தேகியே!” என்று நீங்கள் போட்ட சத்தம் லிஃப்ட் வரை கேட்டது. காகிதத்தை விட்டுக் கண்ணைப் பார்க்க அவர் ஓடி வந்தார். ஸ்கேன், உறைந்த ரத்தம், அறுவை. தாஹிர் பிழைத்தார். இடது கையில் மட்டும் பிடிமானம் திரும்பவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இன்று ஆண்டாப் ஹில்லில் பைகளை விற்கிறார். ஐம்பது நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால் கையும் தப்பியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர்.

அந்த மூன்று மணிக் கட்டம் பொய். கண்ணைப் பார்க்காமல், இரண்டு மணிச் சொல்லைப் பார்த்து எழுதியது. ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகக் கையெழுத்துப் போடும் வழக்கம் அன்று நம்மிடம் இருந்தது. எனவே எழுதியவர் யாரென்பதற்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. அந்த நேரம் நீங்கள் மாடியில் மேட்ரன் கூட்டத்தில் இருந்தீர்கள். விசாரணைக் குழு உங்களைத்தான் கேட்டது.

“யார் எழுதினது?”

“நான் பாக்கலை. பாக்காததை எழுதித் தரமாட்டேன்.”

“அன்னைக்கு ஏழாம் பெட் நர்ஸ் சாய்நாத்தோட பொறுப்பு, அவர்தான்னு எல்லாரும் சொல்றாங்களே?”

“எல்லாரும் பாத்தாளா? வார்டு என்னோடது. என் பேரைப் போட்டுக்கோங்கோ.”

போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் உங்களுக்கு வரவேண்டிய மேட்ரன் பதவி வேறொருவருக்குப் போயிற்று. வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொன்னீர்களா? இல்லை. சொல்லில் சிக்கனம், செயலில் தாராளம், பழியை ஏற்பதில் மட்டும் அவசரம்! ஆனால் நீங்கள் எத்தனை முறை அதட்டியும் வார்டின் வாயை அடைக்க முடியவில்லை. ஆண் நர்ஸ் சாய்நாத்துக்கு இன்றும் ‘தீன் பஜே’, அதாவது ‘மூன்று மணி’, என்றுதான் பெயர். “ஏ தீன் பஜே, மூணு மணி ஆச்சு, எழுதிட்டியா?” என்று கேட்காதவர் நம்மில் யாருமில்லை. அவர் சிரித்துவிட்டுப் போவார். இன்றும் இங்கே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

சிஸ்டர், நீங்கள் நோயற்று, நிறைவுற்று, எந்த மணியும் எழுப்பாத நெடுந்தூக்கம் தூங்கி, நினைத்தபோது எழுந்து, நூறாண்டு நலமே காண எட்டாம் வார்டு வாழ்த்துகிறது.

இதுவரை வந்ததை எல்லோரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் கீழ்வரும் வரிகளை நான் மட்டும் சேர்த்தேன். நீங்களும் அறியாதது இது. அன்று மூன்று மணிக்கு ஏழாம் படுக்கை சாய்நாத்தின் பொறுப்பில் இல்லை. அவர் சாப்பிடப் போகுமுன் அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இந்தப் பதினோரு வருடமும் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படுக்கைப் பக்கம் போகாமலே ‘பிரிஸ்க்’ என்று எழுதியவள் நான்.

எட்டாம் வார்டுப் பணியாளர்கள் சார்பில்,
சாதனா
செம்பூர்