மூடியில் எழுதிய பேர்

மூவந்தி நேரம். தோவாளை தாண்டி வடக்கே திரும்புகிற ரோடு. இரண்டு பக்கமும் வயல்... அதற்கப்பால் காற்றாலைகள். பூ வண்டிகள் விடியலில் வந்து போனால் அதோடு சரி, பிறகு ஈ காக்கை கிடையாது. மலையிடுக்கிலிருந்து காற்று மட்டும் ஊளையிட்டுக்கொண்டு வரும். எல்லாரும் வீட்டுக்குத் திரும்புகிற அந்த நேரத்தில் ஒருத்தி ஸ்கூட்டரில் தனியாக எதிர்த்திசையில் போனாள்.

பிரிஜா. நம்ம கூட்டாளி ததேயுஸுக்குச் சித்தி மகள். அவன் வாயால் சொன்னதுதான் இது. கண் காது மூக்கு வைத்து நான் எதையும் சேர்க்கவில்லை. சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துவிடட்டும். கதவைச் சாத்துவதானால் சாத்திவிட்டு வாருங்கள். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அவளுக்கு அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நம் உடம்பில் செல் ஒவ்வொன்றுக்கும் தோல் உண்டு. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். வாசல் திறந்தால் உப்பு போகும், வரும். கூடவே துளி மின்சாரமும் ஓடும். அதை அளப்பதுதான் அவள் தொழில். நெஞ்சு ஒரு தடவை துடித்து முடித்ததும் அந்த வாசல்கள் திறந்தால்தான் அடுத்த துடிப்பு ஒழுங்காக வரும். திறக்கவில்லையா... போச்சு.

அவள் அண்ணன் ஷிஜின் அப்படித்தான் போனான். முட்டத்துக்காரன், கடலில் கிடந்து உரமேறின உடம்பு. கடலுக்குக் கூப்பிட விடியலுக்கு முன்னால் போன் அடித்தது. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்... அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தபோது மரபணுவில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவன் மகள் அபினாவுக்கும் அதே மாற்றம். இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிற பிள்ளை. மாற்றம் இருந்தாலும் அதனால் கெடுதல் இல்லாமலும் போகலாம், வாசல் திறக்கிறதா என்று அளந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். திறக்கவில்லை என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை, ஆயுள் முழுக்கப் பயம்.

அளக்கிற பொறுப்பு அத்தைக்காரி தலையில் வந்து விழுந்தது. பிள்ளையின் அம்மா செல்லக்கனி தினமும் போன் செய்து அழுவாள். அன்றும் அழுதாள். "பிள்ளைக்கி ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு, கேட்டியா."

பகலில் அளக்க முடியாது. மாடியில் லிஃப்ட், பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ், ரோட்டில் லாரி... எது அசைந்தாலும் திரையில் வரும் கோடு நடுங்கிவிடும். போனைக்கூட வராந்தாவில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. செல் வளர்க்கும் தட்டுகளில் எது பிள்ளையின் மாற்றத்தை ஏற்றியது, எது சாதாரணமானது என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தான் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். அதனால் கூட வேலை செய்கிற ஜெபமணி மூடியில் வெறும் எண்தான் போட்டு வைப்பார். அன்று அவர் லீவு. பிள்ளையின் மாற்றம் ஏற்றிய தட்டைப் பிரிஜா தானே எடுத்தாள். எண் போடவில்லை. மார்க்கர் பேனாவால் மூடியில் எழுதினாள்... அபினா.

எழுதினதோடு விட்டாளா? கூப்பிடவும் செய்தாள்.

"அபினா... அத்தைக்கி ஒரு தடவ தொறந்து காட்டித் தா மக்கா."

அவர்கள் வீட்டில் மூவந்தி நேரத்தில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஏட்டி, மக்கா, அவ்வளவுதான். பேரைக் கேட்டுக்கொண்டு வேறு யாராவது வந்து நிற்பார்கள் என்று பயம். படித்த பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்!

தீயில் இழுத்து, முடியைவிட மெலிதாக்கின கண்ணாடி ஊசி. அதன் முனையைச் செல்லின் மேல் தொட வைத்தாள். ஊசியின் மறுபக்கத்தில் ரப்பர் குழாய்... அது அவள் வாயில். ஆமாம், வாயால்தான் இழுக்க வேண்டும். சூடான கஞ்சியை உறிஞ்சுவது போல, மெள்ள. இழுத்தால் செல்லின் தோல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட ஒட்ட, அளக்கிற கருவியின் ஒலிபெருக்கியில் வருகிற இரைச்சல் மெலிந்து... மெலிந்து... நின்றுவிடும்.

நின்றது.

வாசல் திறந்தால் திரையில் கோடு ஒரு படி ஏறும். மூடினால் இறங்கும். கோடு ஏறவில்லை. காத்திருந்தாள்... ஏறவில்லை. ஒட்டின பிறகு இழுக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

ஒலிபெருக்கியில்... ஹ்க்.

விசும்பல் மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி இழுத்தாள். மறுபடி... ஹ்க். குழாய் வழியே வாய்க்குள் ஒரு வாசனை ஏறியது. குளித்துவிட்ட பிள்ளையின் கழுத்திடுக்கில் பவுடரும் வியர்வையும் கலந்து இருக்குமே... அது.

அப்போது கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. பிரிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திறக்கிறது! பிள்ளை பிழைத்தாள், மாதாவே! அந்தச் சந்தோஷத்தில் பலமாக ஒரு இழு இழுத்தாள்.

"இழுக்காத அத்த... நோவுது."

ஒலிபெருக்கியில் இல்லை. அவள் வாயிலிருந்த குழாய்க்குள்.

குழாயைத் துப்பினாள். ஊசியை மேலே தூக்கி நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு வந்திருந்தது. செல்லக்கனி. எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அத்தை இழுக்கிறாள், அத்தை இழுக்கிறாள் என்று கதறினாளாம். நெஞ்சில் பொட்டு அளவுக்கு ஒரு வட்டம், ரத்தம் கட்டிப்போய். இப்போது அழுகை நின்று தூங்குகிறாளாம். தூக்கத்தில் என்னவோ பேசுகிறாளாம்.

போனைப் பிள்ளையின் வாயருகே வைக்கச் சொன்னாள் பிரிஜா. முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு சின்னக் குரல்.

"அத்த... வாசல்ல அப்பா நிக்காரு. ஒத்தைக்கி இருக்க முடியலயாம். தொறக்கவா?"

"வேண்டாம் மக்கா. அத்த சொல்லுகேன்லா... தொறக்காத."

பிரிஜா அறைக்குள் திரும்பிப் பார்த்தாள். ஊசி தட்டுக்கு மேலே வெறும் காற்றில் நின்றது, எதையும் தொடவில்லை. அப்படி நின்றால் கோடு அசையவே கூடாது. அது ஒரு படி ஏறியது.

இறங்கவே இல்லை.

அபினாவுக்கு என்ன ஆனது என்றுதானே பார்க்கிறீர்கள்? நன்றாக இருக்கிறாள். பிறகு ஜெபமணி எண் போட்டுத் தந்த தட்டுகளை வேறு ஆள் அளந்தார். பிள்ளையின் மாற்றம் ஏற்றிய செல் எதிலும் வாசல் திறக்கவில்லை. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். ஓடுகிறாள், விளையாடுகிறாள், ஒரு குறையும் இல்லை. பிரிஜாதான் அந்த வேலையை விட்டுவிட்டாள்.

போன மாதம் அபினாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டிருக்கிறார். முகம் மாறிவிட்டது. குழாயை உதறிவிட்டு மறுபடி வைத்துக் கேட்டார். ஒரு துடிப்பு பிள்ளையுடையது... வேகமாக, சின்னதாக. அதற்குப் பின்னால் இன்னொன்று... கனமாக, மெள்ள. அவர் நர்ஸைச் சத்தம் போட்டுக் கூப்பிட வாயெடுத்தார்.

அபினா உதட்டில் விரலை வைத்தாளாம்.

"சத்தம் போடாதங்க. அப்பா இப்பதான் ஒறங்குகாரு."