வேரில் காற்றுப் படாமல்

ஐப்பசி மழையில் வெளியே தக்காளி நாற்று விட்டால் தேறாது ஐயா. எங்கள் ஊர் மண் நெல்லுக்கென்றே பிறந்த களி. குடித்த தண்ணீரை விடாது. அடித்தண்டு கறுத்து நாற்று அப்படியே சாய்ந்துவிடும். அதனால் நான் வீட்டுக்குள், கிழக்கு ஜன்னல் திட்டில்தான் வளர்ப்பேன். மஸ்கட்டிலிருந்து வந்த பேரீச்சம்பழப் பெட்டியில் மணலும் மக்கின சாணமும் கலந்து போட்டு விதைப்பேன். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். பெட்டியை அடிக்கடி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கம் வளைந்துவிடும். போகிற வருகிறபோது உள்ளங்கையால் லேசாகத் தடவிக்கொடுத்தால் தண்டு தடிக்கும்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிள்ளை இல்லாத வீடு, புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம். கவனித்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. தை மாதம் எங்கள் தெருவில் பாதிக் கொல்லைகளில் நிற்பது இந்தக் கமருன்னிஸாவின் நாற்றுதான்.

என் வீட்டுக்காரர் ஷேக் பரீதைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். விருந்தாளி மாதிரி இருப்பார். கிளம்பும்போது இரண்டு பேருக்குமே கண் கலங்கும். அப்படியே ஆயுசு போயிருந்தால், இவர்களைப் போல ஒற்றுமையான ஜோடி இல்லை என்று ஊரே சொல்லியிருக்கும்.

போன வருஷம் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த வாரமே ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்களாம். நான் திறப்பேன், அவர் சாத்துவார். சண்டை என்று ஒன்றும் இல்லை. யார் வந்தது, எதற்கு வந்தது, இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அடுத்த தெரு சாவித்திரி நாற்று கேட்டு வந்தபோது, இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சாயந்தரம் என்னிடம் சொன்னார்.

"மழ விட்டதும் கொத்தனார் வருவாரு. அந்த ஜன்னல செங்கல் வச்சு அடைச்சிரச் சொல்லிட்டேன். உன் பெட்டிய எங்கயாவது தூக்கிப் போடு."

சரிங்க என்றேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. டீ குடித்துவிட்டு ஜன்னலைச் சாத்த வந்தவர், கொக்கியைப் பிடித்த கை நழுவி, சுவரோரமாகச் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என் பெயரில் பாதிதான் வந்தது. அந்த நேரம் நான் நாற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டாங்கச்சிகளில் மாற்றிக்கொண்டிருந்தேன். பிடுங்கின நாற்றை மண்ணில் வைக்காமல் எழுந்து போக முடியாது. வேரில் காற்றுப் பட்டால் அவ்வளவுதான். கரண்டிக் காம்பால் நெம்பி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்து, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அவசரப்படுகிற வேலை இல்லை.

அவர் நல்லாயிருந்த கையால் தரையைத் தட்டினார். கை வலிக்குமே என்று தலையணையை எடுத்து அந்தக் கைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

சாவித்திரி வந்தது அப்போதுதான். அவர் இருக்கிறாரா என்று பயந்துகொண்டே வாசலில் நின்றாள். கொஞ்சம் நாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கியவள் போகவில்லை.

"உள்ள யாரோ மொனகுற மாதிரி இருக்கேக்கா."

"அவருக்குப் பல்வலி. மாத்திரை போட்டுப் படுத்திருக்காரு."

"எங்க வீட்டுக்காரர வண்டி எடுத்துட்டு வரச் சொல்லவா? கும்பகோணத்துல ஒரு எட்டு காட்டிட்டு வந்துரலாம்."

"வேணாம் சாவித்திரி. தூங்குனா சரியாயிரும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் சிரித்தபடி நின்றேன். அவள் படி இறங்கினதும் உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே. விளக்கைப் போட்டுக்கொண்டு மிச்ச நாற்றையும் வைத்தேன். அவர் கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்கிற வேலையை அவர் அத்தனை நேரம் பார்த்ததில்லை.

மதியம் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னபோது வேலை முடிந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். மூச்சு நின்று மவுத்தாகியிருந்தார். கண்ணை மூடிவிட்டு, தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.

நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். கூடத்தில் போன் இருக்கிறது, தெருமுனையில் ஆட்டோ நிற்கும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் விஷம் வைக்கவில்லை, கை ஓங்கவில்லை. கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

சாவித்திரி கொண்டுவந்து காட்டின நாற்றை நீங்கள் இந்த ஸ்டேஷன் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அவளும் கொல்லை போடுகிறவள், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. அதில் இருப்பது விதையோடு வருகிற இரண்டு இலை மட்டும்தான். அதற்கு மேலே ஓரம் வெட்டு வெட்டாக இருக்கிற இலை துளிர்த்த பிறகுதான் தக்காளி நாற்றை இடம் மாற்றுவார்கள். இதை இன்னும் பத்து நாளைக்கு யாரும் தொடவே மாட்டார்கள்.

நீங்கள் கேட்பது சரிதான் ஐயா. அவர் விழும்போது என் கை சும்மாதான் இருந்தது. விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கரண்டியை எடுத்தேன், எல்லா நாற்றையும் பிடுங்கித் திட்டில் பரப்பினேன். அப்புறம் வேரில் காற்றுப் படும்போது ஒரு மனுஷி எப்படி எழுந்து போவாள், நீங்களே சொல்லுங்கள்.