வியாகுலம்மாளின் வலது கால்

வெள்ளைக் கோட்டு எனக்கு எடுப்பாக இருக்கும், சார். இதை நானாகச் சொல்லவில்லை. தைத்த டெய்லரில் தொடங்கி லைட் பிடிக்கிறவர்கள்வரை யூனிட்டில் எல்லோரும் சொன்னார்கள். பெயர் எபிசன், வயது நாற்பத்தெட்டு, வீடு தக்கலைப் பக்கம். ஞாயிறுதோறும் ‘மலையடி ஆஸ்பத்திரி’ என்று ஒரு நாடகம் டிவியில் வருகிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கிராமத்து டாக்டர்களின் கதை. அதில் இரண்டாவது டாக்டராக வருகிறவன் நான்.

என் மேல் புகார் எதுவும் இல்லை என்று உங்கள் ரைட்டர் வெளியே சொன்னார். இருக்காது. அதனால்தான் நானே வந்தேன். சர்க்கரை நோயில் கால் அழுகிச் செத்த ஒரு அம்மாவுக்காக ஸ்டேஷனுக்கு எதற்கு வந்தாய் என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் விளங்கும்.

நடிக்க வருவதற்கு முன்பு பதினோரு வருஷம் மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தேன். டாக்டர்களின் அறைக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு இரண்டு நிமிஷம் கிடைக்கும். எந்தப் புண்ணுக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பெருமைக்குச் சொல்லவில்லை. இவனுக்கு என்ன தெரியும் பாவம் என்று நீங்கள் என்னை விட்டுவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

நாடகத்தில் என் டாக்டர் பன்னிரண்டாவது வாரம் காலரா வந்து சாக வேண்டும். டைரக்டர் ஜெரிஷ் அதை முதலிலேயே சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து வந்த ஹீரோதான் பெரிய டாக்டர், நான் அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன். அங்கேயும் பைதான்.

வியாகுலம்மாள் எட்டாவது வாரம் வந்தாள். இரணியலுக்குப் பக்கத்தில் பழைய ஓட்டுக் கட்டிடம் ஒன்றில் ஷூட்டிங். நோயாளிக் கூட்டத்தில் நிற்பதற்காகக் கடியப்பட்டணத்திலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவளுக்கு அறுபது இருக்கும். புருஷன் இல்லை, முப்பது வருஷம் மீன்கூடை சுமந்தவள். வலது உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண் இருந்தது. சிப்பி குத்தியது, சர்க்கரை இருந்ததால் ஆறவில்லை. ஜெரிஷ் அதைப் பார்த்துவிட்டு, மேக்கப்பில் இப்படி வராது, இதை குளோசப் எடுக்கலாம் என்றார்.

“எனக்க காலு டிவியில வருமா? அப்ப மொகத்தையும் காட்டுங்க மக்கா, காலை மட்டும் காட்டுனா ஆருக்குத் தெரியும்?” என்று அவள் சிரித்தாள்.

நான் அந்தக் காலைக் கழுவித் துடைத்துக் கட்டினேன். யாரும் தொடாத ஏழைப் பெண்ணின் காலை டாக்டர் தன் மடியில் வைத்துக் கழுவுகிற காட்சி அது. வசனமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே என் போனுக்கு முந்நூறு மெசேஜ் வந்தது. அடுத்த வாரம் தக்கலையில் ஒரு டாக்டர் என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். பழைய நாட்களில் என்னை இரண்டு மணிநேரம் வெளியே உட்கார வைத்தவர் அவர்தான். உட்காருங்க டாக்டர் என்று சிரித்தார், நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் வெட்கப்படுவீர்கள், சார்.

காலரா தள்ளிப்போனது. வாரம் ஒரு முறை அந்தக் கால் வேண்டும் என்றார் ஜெரிஷ்.

நடுவில் வியாகுலம்மாள் அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கொடுத்த மாத்திரையில் புண் ஆறத் தொடங்கிவிட்டது. எங்களிடம் அபினா என்று ஒரு பெண், கண்டினியூட்டி பார்க்கிறவள். ஒரே காட்சியை வேறு வேறு நாளில் எடுப்பதால், போன முறை இருந்தது போலவே இந்த முறையும் இருக்கிறதா என்று போட்டோவை வைத்துப் பார்ப்பாள். அவள்தான் முதலில் கவனித்தாள்.

“அண்ணே, ஓரமெல்லாம் தோல் மூடிட்டு வருது. பழைய ஷாட்டுக்கு ஒட்டாது. நம்ம மேக்கப் போட்டுக்கலாம்லா?”

குளோசப்பில் மேக்கப் காட்டிக்கொடுத்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து அவளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

மேக்கப் ரூமில் கதவைச் சாத்திவிட்டு, அபினா அனுப்பிய போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு, புதிதாக மூடியிருந்த தோலை இடுக்கியால் உரித்தேன். போட்டோவில் இருந்த அளவுக்கு மட்டும்தான். கெட்ட சதையை எடுக்கிறேன், எடுத்தால்தான் அடியிலிருந்து ஆறும் என்று அவளிடம் சொன்னேன். டாக்டர்கள் அப்படிச் செய்வதுண்டு, அது பொய்யில்லை. ஆனால் நான் எடுத்தது நல்ல சதை. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த இடம் மரத்துப்போயிருக்கும், வலி தெரியாது. அவள் காலை என்னிடம் கொடுத்துவிட்டு, மகள் அஜிதாவைத் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் நாள் நடுவில் இரண்டு முறை இடுக்கியைக் கீழே வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு முறைகூட வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை.

அப்படியும் புண் ஆறப் பார்த்தது. நல்ல உடம்பு அவளுக்கு. மாத்திரை வேலை செய்தது. எனவே மாத்திரையையும் மாற்றினேன். ரெப்பாக இருந்த காலத்துச் சாம்பிள்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. வெறும் சத்து மாத்திரை, தேதியும் முடிந்தது. இதைச் சாப்பிடுங்கள், ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், அங்கே போக வேண்டாம் என்றேன். நாலாம் நாள் அவள் முகம் மலர வந்தாள்.

“டாக்டரே, ஒங்க மருந்து கேக்குது. மூத்திரம் நல்ல மஞ்சளாட்டு போவுது. வெஷம் எறங்குது, இல்லியா?”

ஆமாம் அம்மா, இறங்குது என்றேன். அந்தச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் யாருக்கும் அப்படித்தான் போகும். அவள் என்னை டாக்டரே என்று கூப்பிட்டது முதலில் கேலிக்கு. எப்போது கேலி நின்றது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கவனித்தேன், திருத்தவில்லை.

இருபதாவது வாரம், வெள்ளிக்கிழமை, இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. காய்ச்சல் வேறு. கட்டைப் பிரித்தபோது வந்த வாடையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் பாதம் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பாள். அவளும் கேட்டாள்.

“அஜிதா போன்ல கெடந்து சத்தம் போடுதா, ஒடனே போய் அட்மிட் ஆவணுமாம். போவட்டா டாக்டரே?”

திங்கட்கிழமை பெரிய காட்சி இருந்தது. காலை வெட்டியாக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்ல, வெட்ட விடமாட்டேன் என்று என் டாக்டர் அழுகிற காட்சி. நாடகத்தில் முதல் முறையாக எனக்கு முழுப்பக்க வசனம். போனால் வெட்டிவிடுவார்கள் அம்மா, திங்கட்கிழமை முடியட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். செரி என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கம்பளி போர்த்திக்கொண்டு வந்தாள். மூன்று டேக் எடுத்தோம். முதல் இரண்டிலும் என் வசனத்துக்கு நடுவில் அவள் குளிரில் முனகினாள். இன்னொரு முறை போகலாம் சார் என்று கேட்டது நான்தான். மூன்றாவதில் அவளுக்கு முனகவும் தெம்பில்லை. நன்றாக வந்தது. ஜெரிஷ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சொன்னபடி நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை விடியற்காலை செத்துப்போனாள். எழுதிக்கொள்ளுங்கள் சார், வியாகுலம்மாளைக் கொன்றது நான். சர்க்கரை இல்லை, சிப்பி இல்லை. அவளை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அடக்கத்துக்கு யூனிட்டோடு போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் அஜிதா என்னிடம் வந்தாள். எட்டு மாசக் கர்ப்பிணி, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, எனக்க அம்மை சாவுற வரைக்கும் ஒங்களப் பத்தித்தான் சொல்லிச்சி. பெத்த மோவ நான்கூட அந்தக் காலைத் தொட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கிழமையே நான் வந்து இழுத்துட்டுப் போயிருந்தா அம்மை பொழச்சிருக்குமா? நான்தான் விட்டுட்டனா?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. இல்லை மோளே, முதலிலிருந்தே கை மீறிப்போன கேஸ், நம்மால் ஆனதெல்லாம் செய்தோம் என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, சார். நோயாளியை இழந்த ஒரு டாக்டர் அந்த இடத்தில் எப்படித் தலை குனிந்து நிற்பாரோ, அப்படியே நின்றேன்.