சட்டையைப் பார்த்தவர்

டீ நன்றாக இருக்கிறது, சார். போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

தொழிலுக்குப் பணம் போட ஆள் பிடிப்பது பெரிய வித்தை என்கிறார்கள். அதெல்லாம் ஒரு மண்ணுமில்லை. யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும். பணக்காரனிடம் போனால் ஆடிட்டரைக் கூட்டி வருவான். எங்கள் ஆவடி சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று ஒருவர் எழுந்து சொன்னால் எல்லோரும் ஆமென் என்பார்கள். குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது. என் போல்ட் கம்பெனியைப் பற்றி அங்கேதான் சொன்னேன்.

நான் சொன்னால் பத்தாது, கிறிஸ்துதாஸ் ஐயா சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் ஓட்டிய டர்னர். சபையின் காணிக்கைப் பெட்டிச் சாவி அவரிடம்தான். தொண்ணூற்றாறில் ரிட்டயர் ஆனார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன் கோவிந்தராஜைக் கவனித்து, யாருடையதோ ஒரு ஷெட்டை லீவு நாளில் திறக்கவைத்து, இதுதான் என் கம்பெனி என்று ஐயாவைக் கூட்டிப் போனேன். லேத்தைத் தடவிப் பார்த்தார். சுவரில் தொங்கிய சட்டையில் வேறு கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

"இன்னா தம்பி, இது உன் ஷெட்டு இல்லியே?" என்றார்.

இப்போதைக்கு வாடகை, சீக்கிரம் நம்முடையதாகிவிடும் என்று சொல்லி கம்பெனி லெட்டர்பேடை நீட்டினேன். தலைவர் என்று போட்டு அவர் பெயர் அச்சடித்திருந்தது. ஆயுசு முழுக்க டோக்கன் நம்பராகவே இருந்த மனுஷன், மூன்று தடவை படித்தார். சட்டையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து சாட்சி சொன்னார். இருபத்தாறு குடும்பங்கள் பணம் கட்டின.

பணம் சேர்ந்து நான் கம்பெனி ஆபீஸைப் பூட்டியதும், பணமெல்லாம் தலைவர் கையில் என்று சபையில் அழுதேன். கூட்டம் திருநின்றவூருக்கு, அவர் வீட்டுக்குப் போனது. அவரால் என்னைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் சட்டையைப் பார்த்ததையும் சொல்ல வேண்டுமே. அந்தச் சட்டையை முன்கூட்டியே கழற்றி வைக்கத்தான் கோவிந்தராஜ் போனான். இருக்கட்டும் விடு என்று நான்தான் தடுத்தேன். தெரிந்தும் பேசாமல் இருப்பவரைப் போல நல்ல முதலீட்டாளர் கிடையாது, சார்.

ஏப்ரலில் ஒருநாள் விடியலில் போய் ரயிலின் முன் நின்றுவிட்டார். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

பத்து நாள் கழித்து அவர் சம்சாரம் ஹில்டா அம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "அவரு இன்னா பண்ணாரோ எனக்குத் தெரியல தம்பி. மனைய வித்துட்டேன். லிஸ்ட்டு உன்கிட்டதானே கீது, நீயே எல்லாருக்கும் குடுத்துடு."

வாங்கிக்கொண்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒரு ஜெபம்தான். முழங்காலில் நின்று கால் மணி நேரம் ஐயாவுக்காக மன்றாடினேன், சார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.