முன் சீட்டுக்குச் சொன்னது

— டார்ச்ச சக்கரத்துக்குக் காட்டுங்க மாமா. என் மூஞ்சிக்கு இல்ல.

— இதுல பார்க்க என்ன இருக்கு மாப்ளே? ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான்.

— இடது சக்கரத்தோட கால் மடங்கிடுச்சு. இறக்கை நுனில மூணு அடி கிழிசல். புரொப்பல்லர்... விறகுக்குத்தான் ஆகும். உங்களுக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல!

— அதுல உனக்கு வருத்தமா?

— இந்த விமானம் உங்களவிட அஞ்சு வயசு மூத்தது. மூத்தவங்கள இப்படியா இறக்குவாங்க?

— இறக்கினது பூ மாதிரிதான். ஓடி நிக்கறதுக்குள்ள வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடுச்சு. அதுக்கு முன்னால ரேடியோல உன்னக் கூப்பிட்டேன். வழக்கம்போல பதில் இல்ல.

— டீ குடிக்கப் போயிருப்பேன்.

— ஏழு மாசமாவா?

— ...சரி, இந்த ஃபாரத்துல என்ன எழுத? 'விபத்துக்குக் காரணம்'னு கேக்குறாங்க.

— விமானியோட கவனக்குறைவுன்னு எழுது.

— எழுதினா லைசென்ஸ் போயிடும். இந்த வயசுல திரும்பத் தர மாட்டாங்க.

— போகட்டும்.

— வேணாம். 'திடீர்க் குறுக்குக் காத்து'ன்னு போடறேன். பொய் இல்ல, காத்து காட்டற கொடி சட்டுனு திரும்பினத நானே பார்த்தேன்.

— காத்து திரும்பினா பெடல மிதிச்சு நேராக்கணும். முப்பது வருஷமா செஞ்சதுதானே? நேத்து மிதிக்கல மாப்ளே. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.

— எத?

— உங்க அக்கா கைய.

— அக்கா கையயா?

— பின் சீட்லேர்ந்து இறக்கும்போது விமானத்தோட மூக்கு மறைக்கும். எதிர்ல ஒண்ணும் தெரியாது. முன் சீட்ல அவதான் தலைய வெளிய நீட்டிப் பார்ப்பா. வலது கை தூக்கினா வலது பெடல். இடது கைன்னா...

— தெரியும். வீட்லயும் அக்கா உங்கள அப்படித்தானே ஓட்டினா.

— சும்மா இருடா... அவ போனதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தச் சீட்ல அவ தொப்பிய வெச்சு பெல்ட் மாட்டிவிடுவேன். அப்புறம் பேசிக்கிட்டே பறப்பேன். இறங்கறதுக்கு முன்னாடி எப்படியும் ஞாபகம் வந்துடும், அவ இல்லன்னு.

— நேத்து?

— வரல. அதான் சொல்றேன், கவனக்குறைவுன்னே எழுது. இனிமே நான் மேல போகக்கூடாது.

— போகாம? வீட்ல தனியா உக்காந்து சுவரப் பார்ப்பீங்களா?

— பார்த்துப் பழகிக்கிட்டேன்.

— அந்தக் கறுப்புக் குட்டியையாவது நீங்களே வெச்சுக்குங்க. ஒரு துணை...

— எந்தக் கறுப்புக் குட்டி?

— அதான்... மாடிப்படிக்கு அடியில பூனை மூணு குட்டி போட்டிருக்கே.

— அத நான் யார்கிட்டயும் சொல்லலையே.

— சொல்லியிருப்பீங்க, மறந்திருக்கும்.

— இல்ல. தரையில இருக்கற யார்கிட்டயும் சொல்லல.

— டார்ச்ச நேரா பிடிங்க மாமா.

— மாப்ளே... என்னப் பாரு. நான் அவகிட்ட பேசறது உனக்குக் கேக்குதா?

— ரேடியோல பேசற பொத்தான் சிக்கிக்கிட்டிருக்கு. நீங்க உள்ள பேசறதெல்லாம் இந்த ஷெட்டு ஸ்பீக்கர்ல கேக்கும். பல்பு மாத்தினது, பால் பொங்கி வழிஞ்சது, எல்லாம்.

— ஏழு மாசமா? ஏண்டா சரி பண்ணல?

— ரெண்டு நிமிஷ வேலைதான். சரி பண்ணிட்டா... அக்காகிட்ட யாராவது பேசறத நான் அப்புறம் எங்க போய்க் கேப்பேன்?

— அதுக்காகவாடா?

— ஆனா ஒண்ணு மாமா. பொத்தான் சிக்கினா இங்கேர்ந்து பேசறது உங்களுக்குக் கேக்காது. நேத்து கொடி திரும்பினதும் தொண்டை கிழியக் கத்தினேன். 'வலது, மாமா, வலது'ன்னு... பேனாவக் குடுங்க. காரணத்துல என் பேரத்தான் எழுதணும்.