சார்ஜென்ட் தேடி வர்ற வீடு

அட, வீட்டுக்குள்ள அப்புறம் போலாம் சார்ஜென்ட். சைக்கிளை அந்தக் கம்பத்துல சாத்துங்க. உங்க பட்டாளம் நட்ட கம்பம்தான், இதுக்காவது ஆகட்டுமே. மழைக்கு முன்ன இந்தப் புல்லைக் குவிச்சாகணும், கைபாட்டுக்கு வேலை செய்யட்டும். நீங்க இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. இனிமே என் மகனைத் தேடி வரமாட்டீங்களா?

ம். உலகச் சண்டை முடிஞ்சு போச்சு, சரி. நம்ம அயர்லாந்துப் பட்டாளத்தை விட்டு ஓடி, இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல சேந்த பயலுக அத்தனை பேரையும் ஒரே உத்தரவுல நீக்கியாச்சு. ஏழு வருஷத்துக்கு அரசாங்க வேலை கிடையாது. அவ்வளவுதானா? பிடிக்கிறது, ஜெயில்ல போடுறது ஒண்ணும் இல்லையா? என்ன சார்ஜென்ட் இது, இவ்வளவு லேசா விட்டா எப்படி!

சிரிக்காதீங்க. நான் நெசமாத்தான் கேக்குறேன்.

இந்தக் கம்பத்தை நட்டப்ப ஒரு கேப்டன் வந்தாரு. விமானம் எதுவும் இறங்கிறக் கூடாதாம், அதுக்காக வயல் பூராக் கம்பம். யாரோட விமானம்யான்னு கேட்டேன். அயர்லாந்து எந்தப் பக்கமும் சேரலை, அதனால எவன் வேணா வரலாம்னாரு. கடல் வழியா ஜெர்மன்காரன் வந்தா ஒரு திட்டம், எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் வந்தா இன்னொரு திட்டம், ரெண்டும் தயாரா இருக்காம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துட்டா? மனுஷன் டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. இத்தனை வருஷமா நம்ம பசுதான் இதுல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கு.

யூஜின் அதையெல்லாம் நம்பிட்டான். எங்களுக்கு ஒரே பய. நாட்டைக் காப்பாத்தப் போறேன்னு போய்ச் சேந்தான். பாலத்துக்கு அடியில வெடி வைக்கக் குழி தோண்டச் சொன்னீங்க, தோண்டினான். அப்புறம் அந்தக் குழிக்கே காவல் நின்னான். வெடி வந்தபாடில்லை. பிறகு இங்கிலாந்துலேர்ந்து நிலக்கரி வரலைன்னு துப்பாக்கியை வாங்கி வச்சிட்டு மம்மட்டியைக் கொடுத்தீங்க. டப்ளின்காரங்க அடுப்பு எரியணும்ல, போய்ச் சதுப்புல கரிமண்ணு வெட்டுடான்னு. லீவுல வந்தவன் கையைக் காட்டினான், ஒரே கொப்புளம். எதிரி வந்தா இந்தக் கரிமண்ணு கட்டியால அடிக்கட்டுமாப்பான்னு கேட்டான். கேட்டுட்டு அவன் சிரிக்கலை.

எல்லை இந்தா இருக்கு, அந்த வேலிக்கு அப்பால இங்கிலீஷ்காரன் ஆட்சி. இங்கேர்ந்து வெண்ணெய் போகுது, அங்கேர்ந்து டீத்தூள் வருது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அவனும் அப்படித்தான் போனான்.

அவன் போனதும் அவன் அம்மா டீலியா படுத்துட்டா. சாப்பாடு இல்லை, பூசைக்குப் போகலை. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவதான். பாதிரியார் வந்தாரு, டாக்டர் வந்தாரு, ஒண்ணும் நடக்கலை. அவளை எழுப்பினது நீங்க. ஆமா, நீங்கதான்! மொத தடவை வந்தப்ப, எங்கேம்மா உன் மகன்னு போட்டீங்களே ஒரு அதட்டு. கோழிக்கூட்டுக்குள்ள தலையை விட்டுத் தேடிட்டு மீசையெல்லாம் எச்சத்தோட வந்தீங்களே. எழுந்து உக்காந்து சிரிச்சா பாருங்க. பட்டாளமே தேடுதுன்னா எம்புள்ளை எங்கயோ நல்லா இருக்கான்யான்னா. அன்னிக்குத்தான் கஞ்சி குடிச்சா.

அதுலேர்ந்து உங்க சைக்கிள் மணி கேட்டாப் போதும், ஓடிப்போய் அவன் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைப்பா. எதுக்குடின்னா, நீ சும்மா இருய்யாங்குறா. உங்களை ஏமாத்துறதுல அவளுக்கு அப்படி ஒரு குஷி. ரேஷன்ல வர்றதே ஒரு சிட்டிகை டீத்தூள், அதையும் உங்களுக்குன்னு டப்பால போட்டு மூடி வச்சிருக்கா. கட்டின புருஷனுக்குச் சுடுதண்ணி, மகனைப் பிடிக்க வர்றவருக்கு டீ. இதை எங்க போய்ச் சொல்ல!

இப்ப நீங்க உள்ள போய், அம்மா, இனிமே தேடலை, அவன் வரலாம்னு சொன்னீங்கன்னா சந்தோஷப்படுவாதான். ரொம்பவே படுவா. அதுதான் தம்பி எனக்குப் பயமே. சண்டையும் முடிஞ்சிருச்சு, ஜெயிலும் இல்லை, அப்புறம் ஏன் எம்புள்ளை இன்னும் வரலைம்பா. வாசலைப் பாத்து உக்காந்துருவா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல?

அவன் பேரும் அந்த உத்தரவுல இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். ஏழு வருஷம் வேலை கிடையாதுன்னா கிடையாது, அவன் எங்க வந்து கேக்கப் போறான். எல்லைக்கு அந்தப் பக்கம், எனிஸ்கில்லன்ல, என் தங்கச்சி இருக்கா. அவ விலாசத்தைத்தான் கொடுத்துச் சேந்திருக்கான், தந்தியும் அங்கதான் போயிருக்கு. போன வருஷம் மாட்டுச் சந்தையில என்னைத் தேடி வந்து சொன்னா. இத்தாலியில ஏதோ ஆத்தங்கரையாம், அங்கயே புதைச்சிட்டாங்களாம். மாட்டை விக்காமலே திருப்பி ஓட்டிட்டு வந்தேன். விலை படியலைன்னு டீலியாகிட்ட சொன்னேன்.

ஐயோ, நீங்க ஏன் தம்பி தொப்பியைக் கழட்டுறீங்க? போடுங்க, போடுங்க. அதோ கதவைத் திறந்துட்டா பாருங்க, பூட்ஸை ஒளிச்சு வச்சிட்டுத்தான் வந்து நிக்கிறா. வாங்க, போவோம். நல்லா சத்தமாக் கேளுங்க. கையில கிடைச்சா ஜெயில்தான்னு மிரட்டுங்க. கோழிக்கூட்டையும் ஒரு தடவை பாத்துருங்க.