வெள்ளையாய்க் கிடந்த வயல்

கண்டாவளைக்குப் போகும் பஸ்ஸில், வெள்ள வரைபடம் தயாரிக்கும் அலுவலகப் பெண் மடியில் விரித்திருந்த படத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த கமக்காரர் கேட்டார்.

“என்ர வயலில இடுப்பளவு தண்ணி. உங்கட படத்தில ஏன் வெள்ளையாக் கிடக்கு?”

“ஆழம் கூடினது நீலம், குறைஞ்சது வெள்ளை. இரணைமடுக் குளத்தின்ர ஆழத்தையும் சேர்த்து நிறம் பிரிச்சது ஐயா. நீலமெல்லாம் குளத்துக்குப் போயிட்டுது. குளத்தை விட்டிட்டுப் பிரிச்சால் உங்கட வயலும் நீலமாகும்.”

“தண்ணி கூடாமலோ?”

“ஓம். அளவு அதேதான், நிறம்தான் மாறும்.”

“குளத்தைச் சேர்க்கச் சொன்னது ஆர்?”

“ஒருத்தரும் இல்லை. கம்பியூட்டர் தானா அப்பிடிப் பிரிக்கும். நான் கவனிக்கேல்லை.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அழிவு பாக்க வாறவை அளவைப் பாத்தோ வருவினம், நிறத்தைப் பாத்தோ?”

“நிறத்தைப் பாத்துத்தான்.”

“எங்கட பக்கம் எப்ப வருவினம்?”

“பாத்து முடிச்சிட்டுப் போயிட்டினம் ஐயா.”